இளம் ஆண்களுக்கு ஏற்படும் நீரடைப்பும் அதற்கான மருந்துகளும்

மனித உடலில் இடையறாது நடைபெறும் தொழில்களுள் சிறுநீரைச் சேர்த்து வைப்பதும் உரிய காலத்தில் அதனை வெளியேற்றுவதும் முக்கியமானவை. இவை ஒழுங்காக நடைபெறும் வரையில் நாம் இவற்றைப் பற்றி எண்ணுவதே இல்லை. முதுமையில் புரோஸ்டேட் சுரப்பி பருத்துச் சிறுநீரின் வழியை நெருக்கும் என்பதை இன்று கிராமத்துப் பெரியவர்களும் அறிந்திருக்கின்றனர். ஆனால் 25 வயதிலும் 35 வயதிலும், சுரப்பி சிறிதும் பருக்காத நிலையில், நீர் தயங்கித் தயங்கி வருவதும் மெல்லிய நூல்போல் ஒழுகுவதும் உண்டு என்பதை அறிந்தோர் மிகச் சிலரே. நோயுற்ற இளைஞரோ வெட்கத்தால் இதனை எவரிடமும் கூறுவதில்லை. கூறினாலும், ‘இந்த வயதில் அப்படியெல்லாம் வராது’ என்ற விடையே பெரும்பாலும் அவருக்குக் கிடைக்கிறது.

பெங்களூரின் கிழக்குப் பகுதியிலுள்ள தொம்மலூரை எடுத்துக்கொள்வோம். சொக்கநாதசுவாமி கோயிலின் பழைய தமிழ்க் கல்வெட்டுகளால் வரலாற்று ஆராய்ச்சியாளர்களுக்கு நன்கு அறிமுகமான ஊர் இது. இன்று அது மாநகரின் நடுவே அகப்பட்டுக்கொண்டது. ஒருபுறம் மாநகரப் பேருந்து நிலையம். மறுபுறம் மென்பொருள் நிறுவனங்களின் உயர்ந்த கட்டடங்கள். பழைய விமான நிலையச் சாலையில் விமானப் படையின் மருத்துவமனை. இங்கு நாள் முழுதும் உழைப்போரில் பேருந்து ஓட்டுநர், நடத்துநர், ஆட்டோ ஓட்டுநர், வாயிற்காவலர், வீடுதோறும் பொருள் கொண்டு செல்லும் இளைஞர் ஆகியோர் பலர். அவர்களுள் தமிழ் பேசுவோரும் மிகுதி. நெரிசலில் வண்டியை நிறுத்த இயலாதென்று தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வதும், நீரை மணிக்கணக்கில் அடக்கி வைப்பதும் இத்தகைய தொழில்களில் வழக்கமாகிவிட்டன. ஆகவே, நீர் சரியாகப் பிரியவில்லையென்றால் ‘சூடு’ என்றும் ‘வேலையின் பலன்’ என்றும் கூறி அவர்கள் அமைதி அடைந்துவிடுகின்றனர். அடக்கி வைக்கும் பழக்கத்தால் சிறுநீர்ப்பையின் கழுத்து இறுகிவிடும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. எனினும், நோய் இருப்பதை மறைத்துவிடும் திரையாக அப்பழக்கம் அமைந்துவிடுகிறது என்பதில் ஐயமில்லை.

கழுத்தும் கதவும்

சிறுநீர்ப்பை ஏறத்தாழ 400 முதல் 500 மில்லிலிட்டர் வரை கொள்ளும் தசைப்பை. இதன் அடிப்பகுதி குறுகிச் சிறுநீர்த் தாரையோடு சேருமிடம் சிறுநீர்ப்பைக் கழுத்து எனப்படும். அதற்கு உடனே கீழே புரோஸ்டேட் சுரப்பியும், அதற்கும் கீழே நம் விருப்பத்திற்குக் கட்டுப்பட்ட வெளிச் சுருக்குத் தசையும் உள்ளன. ஆக, வழியில் இரண்டு கதவுகள் இருக்கின்றன. வெளிக்கதவை நாம் மூடலாம், திறக்கலாம். உட்கதவாகிய கழுத்து நம் ஆணைக்குக் கட்டுப்படாதது. நரம்புகளின் கட்டளையால் தானே இயங்குவது.

பை நிறையும்போது பரிவு நரம்புகள் நாரட்ரினலின் என்னும் பொருளை வெளியிடுகின்றன. அது கழுத்திலுள்ள தசையை இறுகச் செய்கிறது. அதே வேளையில் பையின் உடற்பகுதியைத் தளரச் செய்கிறது. ஒரே பொருள் இரண்டிடத்தில் இருவேறு விளைவுகளைத் தோற்றுவிப்பது எங்ஙனம்? பொருளை வாங்கிக்கொள்ளும் ‘ஏற்பிகள்’ வேறுவேறானவை என்பதே விடை. கழுத்திலும் புரோஸ்டேட்டிலும் ஆல்பா வகை ஏற்பிகள் நெருங்கியுள்ளன. பையின் உடலில் பீட்டா வகையே மிகுதி. நீர் கழிக்கும் வேளை வந்ததும் வேறொரு நரம்புக் கூட்டம் பையைச் சுருங்கச் செய்கிறது, கழுத்துப் புனல்போல் விரிந்து திறக்கிறது, வெளிக்கதவும் தளர்கிறது. இம்மூன்றும் ஒருங்கே நிகழவேண்டும்.

சிலருக்குப் பை சுருங்கும்போது கழுத்து விரிவதில்லை. அல்லது அரைகுறையாக விரிகிறது. அங்கே கல்லுமில்லை, கட்டியுமில்லை, வடுவுமில்லை. பாரிஸ் நகர அறுவை மருத்துவரான ஜார்ஜ் மரியோன் 1933-ஆம் ஆண்டு இதனைத் தனி நோயாக விவரித்தமையால் சில நூல்களில் இது அவர் பெயராலேயே வழங்குகிறது. பின்னர் 1973-இல் இங்கிலாந்தில் டர்னர்-வார்விக்கும் அவருடைய குழுவினரும் எக்ஸ்-ரே படத்தையும் பைக்குள்ளிருக்கும் அழுத்தத்தின் அளவையும் ஒருங்கே கண்டு, தடை கழுத்திலேதான் என்று காட்டும் முறையை வகுத்தனர். கழுத்து ஏன் திறக்க மறுக்கிறது என்பது இன்றும் முற்றும் விளங்கவில்லை. தசையின் அமைப்பில் பிறவியிலேயே உள்ள மாறுபாடு என்பர் சிலர். பரிவு நரம்புகளின் மிகையான தூண்டுதல் என்பர் வேறு சிலர்.

தமிழில் நீர்க்கடுப்பு, நீரடைப்பு, கல்லடைப்பு, சதையடைப்பு என்று நாட்டு வைத்தியத்தில் வழங்கும் சொற்கள் பல உள்ளன. சொல்வளம் நமக்குக் குறையன்று. ஆயினும் இக்கழுத்து நோய்க்குப் பொருந்தும் தனிச்சொல் இவற்றுள் இல்லை. நோயாளி ‘கடுப்பு’ என்று கூறியவுடன் கிருமியால் வந்த அழற்சி என்று முடிவு கட்டிவிடும் வழக்கத்திற்கு இதுவும் ஒரு காரணமோ என்று எண்ணத் தோன்றுகிறது.

தவறான பெயர் சூட்டுதல்

இந்நோயுற்றோர் கூறும் குறைகள் இவை: நீர் தொடங்கத் தாமதமாகிறது, ஓட்டம் மெலிந்திருக்கிறது, முக்கினால் இன்னும் குறைகிறது, கழித்த பின்பும் மிச்சம் இருப்பதுபோல் தோன்றுகிறது, அடிக்கடி போக நேர்கிறது, அடிவயிற்றிலும் விதைப்பைக்குப் பின்புறத்திலும் மந்தமான வலி இருக்கிறது. கடைசியில் கூறிய வலியே மருத்துவரைத் திசை திருப்புகிறது. புரோஸ்டேட் அழற்சி என்று பெயர் சூட்டி, நுண்ணுயிர்க் கொல்லி மருந்துகளைத் திங்கள் கணக்கில் கொடுக்கின்றனர். ஒன்று பலிக்காவிடில் மற்றொன்று. நியூயார்க்கில் ஸ்டீவன் கப்ளானும் அவருடைய குழுவினரும் 1996-இல் வெளியிட்ட ஆராய்ச்சி இங்கு குறிப்பிடத்தக்கது. 50 வயதுக்கு உட்பட்ட 137 ஆண்களை அவர்கள் சோதித்தனர். நாட்பட்ட புரோஸ்டேட் அழற்சி என்று முன்பு கூறப்பட்டு, சிகிச்சையால் பயன் காணாதவர்கள் அவர்கள். பாதிக்குச் சற்று மேற்பட்டவர்களுக்குத் தடை கழுத்திலேயே இருந்தது. ஏறக்குறைய கால் பங்கினருக்கு வெளிக்கதவு உரிய வேளையில் தளரவில்லை. மற்றவர்களுக்குச் சிறுநீர்ப்பையின் தசையே வலுக் குன்றியிருந்தது.

இவ்வாறு தேவையின்றி உட்கொள்ளும் நுண்ணுயிர்க் கொல்லிகளால் கிருமிகள் மருந்துக்கு அடங்காத தன்மையைப் பெறுகின்றன என்ற பொதுத் தீங்கு ஒருபுறமிருக்க, தடை நீங்காமலே ஆண்டுகள் கழிவது நோயாளிக்கு நேரும் தனித்தீங்கு. பை நெடுங்காலம் எதிர்ப்பைத் தள்ளித் தள்ளித் தடித்துப்போகிறது, பிறகு தளர்கிறது. நீர் மிச்சமாகத் தேங்கினால் கிருமியும் கல்லும் தோன்ற இடமுண்டு. மிகச் சிலருக்கு அழுத்தம் மேலேறிச் சிறுநீரகத்தையும் கெடுக்கிறது.

ஓட்டத்தை அளத்தல்

நோயை அறுதியிட முதற்படி, நீரோட்ட அளவி என்னும் எளிய கருவி. நோயாளி தனியறையில் ஒரு புனலில் நீர் கழிக்கிறார். வினாடிக்கு எத்தனை மில்லிலிட்டர் என்பதைக் கருவி வரைபடமாகத் தீட்டுகிறது. இளம் ஆணிடம் உச்ச வேகம் பொதுவாக வினாடிக்கு 15 மில்லிலிட்டருக்கு மேலிருக்கும். பலருக்கு 20-ஐயும் தாண்டும். 10-க்குக் கீழே இறங்கினால் ஏதோ கோளாறு உள்ளது எனலாம். பின்னர் ஸ்கேன் மூலம் பையில் எவ்வளவு நீர் மிஞ்சியிருக்கிறது என்று காண்கின்றனர்.

இவ்விடத்தில் ஓர் இனிய ஆராய்ச்சியைக் கூறாமல் மேற்செல்ல மனமில்லை. அமெரிக்காவில் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தில் பாட்ரீஷியா யாங், டேவிட் ஹூ முதலியோர் விலங்குகள் நீர் கழிப்பதைப் படம் பிடித்து 2014-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். 3 கிலோவுக்கு மேற்பட்ட பாலூட்டிகள், ஆடாயினும் யானையாயினும், ஏறத்தாழ 21 வினாடிகளில் பையைக் காலி செய்கின்றன என்பது அவர்கள் கண்டது. யானையின் பை பன்மடங்கு பெரிது. ஆனால் தாரையும் நீண்டு அகன்றிருப்பதால் ஓட்டம் விரைகிறது. ஒவ்வோர் உயிருக்கும் சில வினாடிகள் கூடலாம், குறையலாம். வகுப்பறையில் பௌதிகம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு, நீரின் எடையால் தோன்றும் அழுத்தத்தை விளக்க இதைவிடச் சுவையான எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது. களப்பணியாளருக்கும் இது பயன்படும். அளவு குறித்த ஒரு பிளாஸ்டிக் குவளையும் கைக்கடிகாரமும் இருந்தால் போதும்: 300 மில்லிலிட்டரைக் கழிக்க ஓர் இளைஞருக்கு ஒரு நிமிடத்திற்கு மேல் ஆகிறது என்றால், அவரை மருத்துவரிடம் அனுப்பத் தயங்க வேண்டியதில்லை.

எனினும் ஓட்டத்தின் வேகம் மட்டும் முழு உண்மையைக் கூறாது. குழாய் அடைபட்டாலும் நீர் மெல்ல வரும். பம்பு வலுவிழந்தாலும் மெல்லத்தான் வரும். இரண்டையும் பிரித்தறிய, மெல்லிய குழாயைச் செலுத்திப் பையின் உள்ளழுத்தத்தையும் ஓட்டத்தையும் ஒரே நேரத்தில் அளக்கும் அழுத்த-ஓட்டச் சோதனை தேவை. அழுத்தம் மிக உயர்ந்து, ஓட்டம் குறைந்து, எக்ஸ்-ரே படத்தில் கழுத்து மூடியே இருக்குமானால் நோய் உறுதியாகிறது.

அச்சத்தால் வரும் தடையும் உண்டு. பிறர் அருகில் நின்றால் நீர் வராத இளைஞர்கள் பலர். வீட்டில் தனிமையில் நன்றாகக் கழிப்பவருக்கு மருத்துவமனையில் ஓட்டம் நின்றுவிடுவதும் இயல்பே. ஆகவே ஒரே ஒரு சோதனையைக் கொண்டு முடிவு செய்யலாகாது.

மருந்து எவ்வாறு பிறந்தது

ஒரே நாரட்ரினலின் சில தசைகளைச் சுருக்கவும் சிலவற்றைத் தளர்த்தவும் காரணம் இருவகை ஏற்பிகளே என்று 1948-இல் கூறியவர் அமெரிக்க மருந்தியலறிஞர் ரேமண்ட் ஆல்குவிஸ்ட். ஆல்பா, பீட்டா என்று பெயரிட்டவரும் அவரே. அக்கட்டுரையை முதலில் ஓர் ஏடு ஏற்க மறுத்தது. வேறோர் ஏட்டில் வெளிவந்த பின்னும் பல ஆண்டுகள் அதனைப் பொருட்படுத்தியோர் குறைவு. இருதய நோய்க்கான பீட்டாத் தடுப்பு மருந்துகள் இக்கருத்திலிருந்தே தோன்றின என்பது வாசகர்கள் அறிந்ததே.

சிறுநீர்ப்பைக்கு இக்கருத்தைக் கொண்டுவந்தவர் ஜெருசலேமைச் சேர்ந்த மார்கோ கெய்ன். 1975-இல் அவரும் உடன் உழைத்தோரும் அறுவையில் எடுத்த மனிதத் திசுக்களைச் சோதனைக் கலத்தில் வைத்து, புரோஸ்டேட்டின் உறையிலும் சிறுநீர்ப்பைக் கழுத்திலும் ஆல்பா ஏற்பிகள் உள்ளன என்று மெய்ப்பித்தனர். தடை என்பது சதை பருத்ததால் மட்டும் அன்று, தசை இறுகியதாலும் ஆகும். இறுகிய தசையை மருந்தால் தளர்த்தலாம் என்பது இதிலிருந்து பெறப்பட்டது. அவர் கையாண்ட பினாக்சிபென்சமீன் பலன் தந்தது. ஆனால் தலைசுற்றலும் களைப்பும் மிகுந்தன; விலங்குகளில் புற்றுநோயை உண்டாக்கியதாகவும் தெரியவந்தது. ஆகவே சிறுநீர்த்தடைக்கு அது கைவிடப்பட்டது.

அடுத்து, இரத்தக் கொதிப்புக்கென வந்த பிரசோசின், டெராசோசின், டாக்சாசோசின் ஆகியவை ஆல்பா-1 வகையை மட்டும் தடுத்தன. பின்னர், கழுத்திலும் புரோஸ்டேட்டிலும் மிகுந்துள்ள ஆல்பா-1ஏ என்னும் உட்பிரிவு அறியப்படவே, அதனை நாடிச் செல்லும் டாம்சுலோசின் ஜப்பானில் தயாராயிற்று. அமெரிக்காவில் 1997-இல் அனுமதி பெற்றது. அல்ஃபுசோசின், சிலோடோசின் என்பனவும் ஆல்பாத் தடுப்பு மருந்துகளே. இவற்றுள் டாம்சுலோசின் இந்தியாவில் 0.4 மி.கி. அளவில் பரவலாகக் கிடைக்கிறது. மக்கள் மருந்தகங்களிலும் குறைந்த விலையில் விற்கப்படுகிறது.

இம்மருந்துகளுக்கு அரசாங்கங்கள் வழங்கியுள்ள அனுமதி முதியோரின் புரோஸ்டேட் வீக்கத்திற்கானது. இளைஞரின் கழுத்துத் தடைக்கு இவற்றைத் தருவது மருத்துவ நிபுணரின் பொறுப்பிலும் தீர்மானத்திலும் நடைபெறுவது. இளைஞரிடம் செய்த ஆராய்ச்சிகள் சிறியவை; பலருக்கு ஓட்டம் பெருகித் தொல்லை குறைந்தது என்பதை அவை காட்டுகின்றன. ஆனால் மருந்து நோயை வேரறுப்பதன்று. நிறுத்தினால் இறுக்கம் திரும்புகிறது. 30 வயதுக்காரர் இன்னும் 40 ஆண்டுகள் நாள்தோறும் மாத்திரை விழுங்குவாரா என்பது நியாயமான வினாவே. சில வாரங்கள் கொடுத்துப் பார்த்து, ஓட்டத்தை மீண்டும் அளந்து, பயனிருந்தால் தொடர்வதும் இல்லையெனில் நிறுத்துவதும் முறை. சுரப்பியைச் சுருங்கச் செய்யும் பினாஸ்டிரைடு போன்ற மருந்துகளுக்கு இங்கே வேலையே இல்லை, ஏனெனில் இளைஞரின் சுரப்பி பருத்திருக்கவில்லை.

இரத்தக் குழாய்களிலும் ஆல்பா ஏற்பிகள் உண்டு. எனவே எழுந்து நிற்கையில் தலை சுற்றலாம்; முதல் நாட்களில் இது அதிகம். டாம்சுலோசினை நாள்தோறும் ஒரே வேளை உணவுக்குப் பின் அரைமணி கழித்து எடுத்துக்கொள்ள வேண்டுமென்பது இதனாலேயே. மற்றொரு விளைவைப் பற்றிப் பேசப் பலர் கூசுகின்றனர்: விந்து வெளிப்படுகையில் கழுத்து மூடிக்கொள்ள வேண்டும், தளர்ந்த கழுத்து அதனைச் செய்யாது. ஆகவே விந்து குறையலாம், அல்லது வெளிவராமலே போகலாம். சிலோடோசினில் இது மிகுதி, டாம்சுலோசினில் அதனினும் குறைவு, அல்ஃபுசோசினில் அரிது. உடலுக்கு இதனால் தீங்கில்லை. மருந்தை நிறுத்தினால் நீங்கிவிடும். ஆயினும் முன்கூட்டி அறிவிக்காவிடில், புதிதாய் மணமுடித்த இளைஞர் திகிலடைந்து போலி வைத்தியரை நாடுவது உறுதி. குழந்தைப்பேற்றை எதிர்நோக்கியுள்ளாரா என்று மருத்துவர் கேட்டறிந்த பின்பே மருந்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆண்மைக் குறைவுக்கான சில்டெனாபில் முதலிய மாத்திரைகளை மருத்துவருக்குத் தெரியாமல் சேர்த்து உண்டால் இரத்த அழுத்தம் திடீரென வீழக்கூடும்.

சளி மாத்திரையால் வரும் கேடு

களப்பணியாளர் இதனைச் சிறப்பாக நினைவிற்கொள்ள வேண்டும். பெட்டிக்கடையிலும் மருந்துக் கடையிலும் சீட்டின்றி வாங்கும் சளி மாத்திரைகள் பலவற்றில் பினைலெஃப்ரின் என்னும் பொருள் உள்ளது. மூக்கிலுள்ள இரத்தக் குழாய்களைச் சுருக்கி அடைப்பை நீக்குவது அதன் வேலை. அது எவ்வாறு சுருக்குகிறது? ஆல்பா ஏற்பியைத் தூண்டி! நாம் மேலே கூறிய மருந்து எதைத் தடுக்கிறதோ, அதனையே இது தூண்டுகிறது. அத்துடன் அம்மாத்திரையில் சேர்ந்திருக்கும் குளோர்பெனிரமின் பைத்தசையின் சுருக்கத்தையும் தணிக்கக்கூடியது. கதவு இறுகுகிறது, தள்ளும் கை தளர்கிறது. ஏற்கெனவே தடையுள்ளவருக்கு நீர் முற்றிலும் நின்றுபோகவும் நேரலாம். வயிற்றுவலிக்கென விற்கும் டைசைக்ளோமின் மாத்திரையும் இத்தகையதே. நீர் பிரியவில்லை என்று வரும் எவரிடமும் ‘கடந்த இரண்டு நாட்களில் சளிக்கு ஏதேனும் உண்டீரா?’ என்று கேட்பது நலம்.

மருந்துக்கு வசப்படாத தடைகள்

நம் நாட்டில் இளைஞருக்குத் தடை என்றால் முதலில் ஐயுற வேண்டியது தாரைக் குறுக்கம். சாலை விபத்தில் இடுப்பெலும்பு முறிதல், விழுந்து அடிபடுதல், கதீட்டர் குழாய் செலுத்தியதால் ஏற்பட்ட புண், பழைய மேகத் தொற்று ஆகியவற்றால் தாரையில் வடு தோன்றி வழி குறுகுகிறது. வடு தசையன்று, எந்த ஆல்பாத் தடுப்பு மருந்தும் அதனைத் தளர்த்தாது. சோதிக்காமல் டாம்சுலோசின் கொடுத்து மாதங்களைக் கடத்துவது இவர்களுக்குப் பெருந்தீங்கு. வாயின் உட்புறச் சவ்வை எடுத்து ஒட்டித் தாரையைப் புதுப்பிக்கும் அறுவைக்கு இந்தியாவிலேயே சிறந்த நிபுணர்கள் உள்ளனர். புனேயைச் சேர்ந்த டாக்டர் சஞ்சய் குல்கர்ணி வகுத்த அறுவை முறை வெளிநாடுகளிலும் அவர் பெயரால் அறியப்படுகிறது. புகையிலையும் குட்காவும் மெல்லுவோருக்கு வாய்ச்சவ்வு கெட்டிப்பட்டு ஒட்டுக்கு உதவாமற்போவதும் உண்டு என்பதை இங்கே சேர்த்துக்கொள்ளலாம்.

கழுத்துத் தடை மருந்துக்கு இணங்காவிடில், தாரையின் வழியே கருவியைச் செலுத்திக் கழுத்தைக் கீறிவிடும் சிறு அறுவை உள்ளது. பெரும்பாலோருக்கு இது நிலையான நலம் தருகிறது. ஆனால் விந்து பின்னோக்கிப் பைக்குள் செல்லும் நிலை இதனால் நிரந்தரமாகலாம். ஒரு பக்கம் மட்டும் கீறினால் இவ்வாபத்துக் குறைகிறது. எனினும் குழந்தை வேண்டுவோர் முன்னதாகவே விந்தைச் சேமித்து வைப்பது பற்றி மருத்துவரிடம் கலந்து பேசுவது வழக்கம்.

நீர்த்தடையுடன் கால்கள் மரத்தல், தொடையின் உட்புறமும் ஆசனவாயைச் சுற்றிலும் உணர்ச்சியின்மை, மலம் கட்டுப்படாமை ஆகியவை சேர்ந்தால் அது தண்டுவட நோய்; ஒரு நாளும் காத்திராமல் அனுப்ப வேண்டும். பெங்களூரில் ஓசூர் சாலையிலுள்ள நிம்ஹான்ஸ் இத்தகைய நரம்பு நோய்களுக்குப் பெயர் பெற்றது. மற்றத் தடைகளுக்கு விக்டோரியா மருத்துவமனை வளாகத்தில் மாநில அரசின் சிறுநீரக-சிறுநீரியல் நிலையம் உள்ளது. தொம்மலூரிலிருந்து இரண்டிற்கும் செல்வது கடினமன்று.

ஆசிரியர்களுக்கும் இதில் பங்குண்டு. ஆண் குழந்தைகள் சிலருக்குப் பிறவியிலேயே தாரையின் பின்பகுதியில் மெல்லிய சவ்வு மடிப்பு அமைந்து நீரை மறிக்கிறது. கடுமையானது கருவிலேயே ஸ்கேனில் தெரிந்துவிடும். இலேசானது பள்ளிப் பருவம் வரை மறைந்திருக்கலாம். மற்றச் சிறுவர் ஓடி வந்துவிட, ஒருவன் மட்டும் கழிப்பறையில் நெடுநேரம் முக்கி நிற்பது, பகலிலும் கால்சட்டை நனைவது, அடிக்கடி காய்ச்சல் காண்பது ஆகியவை அதன் அறிகுறிகள். அவனைக் கேலி செய்வதையும் தண்டிப்பதையும் தவிர்த்து, பெற்றோரை அழைத்துக் கூறினால் சிறுநீரகங்கள் கெடுமுன் சவ்வை நீக்கிவிட முடியும்.

நோயாளியை அனுப்பும்போது மூன்று நாள் குறிப்பொன்றையும் உடன் அனுப்புவது மருத்துவருக்குப் பேருதவி. எத்தனை மணிக்கு எவ்வளவு தண்ணீர் குடித்தார், எத்தனை மணிக்கு எவ்வளவு நீர் கழித்தார், இரவில் எத்தனை முறை எழுந்தார், வேறு என்ன மாத்திரைகள் உண்கிறார் என்ற விவரங்களை ஒரு நோட்டுப் புத்தகத் தாளில் அவரே எழுதிக்கொள்ளலாம். ஓட்டுநராயின் பணிநேரத்தையும், வழியில் எந்தெந்த நிலையங்களில் கழிப்பறை கிடைக்கிறது என்பதையும் அதில் சேர்க்கச் சொல்லவேண்டும்.